முகத்துணி

— ஒப்பிடு, தாசே. மூணாவது தடவ பறையுந்நு.

— கையெழுத்துக்குக் கீழ என்ன தேதி போடணும்னு ஒருக்கா கூட சொல்லும், ஏட்டே.

— புதனாழ்ச்ச.

— இண்ணைக்கு வெள்ளியாக்கும்.

— எனிக்கறியாம், வெள்ளிதன்னே.

— இந்தக் கடுதாசிய நீரு எனக்குத் தந்தது இண்ணைக்குப் பத்து மணிக்கு, இந்தக் கம்பிக்கு வெளிய நிண்ணுட்டு. என்னப் பிடிச்சது ஏழு மணிக்கு, எங்க வீட்டுப் படியில. மூணு மணிக்கூர் கழிச்சுக் கிடைச்ச ஆர்டர நான் எப்படி ஓய் மீறினேன்?

— புதனாழ்ச்ச பியூண் களியக்காவிளைக்கு உன்ற தையல்கடைக்கு வந்நு. கட பூட்டிக் கிடந்நு.

— கடையடைப்பு. தமிழ் தாலுகாவளப் பிரிச்சுத் தரணும்னு நாங்க சொன்னதுதான்.

— பின்ன? நீங்க தன்னே கடைய அடைக்கச் சொல்லும். பின்ன நீங்க தன்னே ஆர்டர் கிட்டல்லைன்னும் சொல்லும். அதுல எழுதீட்டுண்டு பாரு. தையல்காரன் ரெத்தினதாஸ் எட்டு வாரத்துக்கு நெய்யாற்றின்கரை தாலுக்குல கால் வைக்கப்பிடாது.

— அப்பா செத்துப்போச்சுன்னு காலத்த ஆளு வந்துது. சைக்கிள எடுத்தேன். தாலுகா இங்க தொடங்குதுன்னு ரோட்டுல கோடா போட்டிருக்கு?

— அந்தக் கோடு போடணும்னு மேடையேறிப் பேசினது ஆராக்கும், நானா?

— சிரிக்காதேயும், ஏட்டே. படியில ஒரு கால்தான் வச்சேன். பெட்டிக்குள்ள அப்பாக்க பாதம் தெரிஞ்சுது. முகம் தெரியல்ல. அதுக்குள்ள நீரு என் சட்டையப் பிடிச்சாச்சு.

— எனிக்கும் ஒரு அச்சனுண்டாயிருந்நு. அதுகொண்டாக்கும் இன்ஸ்பெக்டர் கால்ல விழுந்து ஒரு வழி வாங்கீட்டு வந்தது. புதனாழ்ச்சையே கிட்டிச்சுன்னு ஒப்பிட்டா, உன்ன அரைமணிக்கூர் விடுவாம். நானும் கூட வரும். விலங்கு உண்டு. மேல துண்டு போட்டு மறைக்கலாம்.

— ஒப்பிடல்லைன்னா?

— திங்களாழ்ச்ச கோர்ட்டு. நீ சொல்லுதது சரின்னு மஜிஸ்ட்ரேட் உன்ன விடுவாரு. அப்போ உன்ற அப்பன் மண்ணுக்கு அடியில.

— ஒப்பிட்டா?

— ஆறு மாசம். குறையாது.

— அண்ணே...

— ஆரு, புஷ்பமா? சாவு வீட்ட விட்டுட்டு நீ எதுக்கு மக்கா ஸ்டேஷனுக்கு வந்தே?

— நாலு மணிக்கு எடுக்கப்போறாவ. உனக்காக நிண்ணது போதும்னு போதகர் சொல்லிட்டாரு. முகத்துணிய சித்தப்பா போடட்டும்னு எல்லாரும் சொன்னாவ. நான் துணியப் பிடுங்கிட்டு ஓடி வந்துட்டேன்.

— ஏட்டே, கேட்டீரா? எங்க குடும்பத்துல மூத்த மகன் முகத்த மூடின பெறகுதான் பெட்டிய மூடுவாவ.

— கேட்டு. மூணு கழிஞ்ஞு இருபது மினிட்டு ஆச்சு. ஒப்பிடு.

— அந்தத் துணிய இங்க தா மக்கா, கம்பி வழியா. இது... நான் கிறிஸ்மசுக்கு அப்பாக்குத் தச்ச சட்டைக்க மிச்சமில்லியா?

— அப்பாதான் எடுத்து வச்சிருந்தாவ. 'இத தாசுதான் போடணும், வேற ஆரும் தொடப்பிடாது'ன்னு சொல்லிட்டேதான் இருந்தாவ.

— ஏட்டே, இந்தக் கடுதாசியில என்னமோ எழுதியிருக்கே. 'கிடைத்த மனுவை முன்னிட்டு.' மனுவா? ஆரு குடுத்தது?

— அது பறையான் பாடில்லா, சொல்லப்பிடாது.

— சந்தையில என்கிட்ட முட்டினானே, அந்தக் கருணாகரனா?

— அல்ல.

— பின்ன எவன்? நான் ஆருக்க குடியக் கெடுத்தேன்?

— உனக்கு வேண்டாத ஆளல்ல. மதி, போதும். இனி கேக்கண்டாம்.

— நேரமாவுது அண்ணே. கையெழுத்துப் போடு.

— நீயும் போடச் சொல்லுதியா? ஆறு மாசமாக்கும் மக்கா. கடைய ஆரு திறப்பா? உன் கலியாணத்துக்கு ஆரு நிப்பா?

— தெரியாது அண்ணே. எனக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா திறந்த முகத்தோட கிடக்காவ. ஈச்சி வந்து இருக்குது.

— பேனாவத் தாரும், ஏட்டே. புதன். இந்தா, போட்டாச்சு. கடுதாசியில நான் எழுதுத முதல் பொய்.

— கையக் காட்டு. விலங்கு இறுகுந்நுண்டோ?

— கிடக்கட்டும். ஒரு காரியம் சொல்லிட்டு வாறேன், கேட்டுக்கிடும். ஆறு மாசம் கழிஞ்சு வெளிய வந்தா, நான் முதல்ல போறது அந்த மனு குடுத்தவனுக்க வீட்டுக்காக்கும். அடிக்க மாட்டேன். வையக்கூட மாட்டேன். அவனுக்க முகத்த ஒருக்கா பாக்கணும். பெத்த அப்பாக்க வாசல்ல வச்சு என்ன நாயப் பிடிக்குத மாதிரி பிடிக்க வச்சவனுக்க முகம் எப்படி இருக்கும்னு பாக்கணும்.

— புஷ்பம் கொச்சே, நீ தன்னே பறஞ்ஞேக்கு. வழியில வேற எவனாவது சொல்லி இவன் கேக்கண்டாம்.

— என்னது? புஷ்பம், எதுக்குட்டி கண்ணீரு விட்டுக் கரையுதே?

— அந்த மனுவ எழுதினது நானாக்கும் அண்ணே.

— நீயா?

— எழுத்துதான் என்னது. தொடுவெட்டியில கூட்டத்துமேல போலீசு துப்பாக்கியால வெடி வச்சு ஆளு செத்ததக் கேட்ட நாள் தொட்டு அப்பா உறங்கல்ல. இங்க கூட்டம் போட்டா நீ முன்னால நிப்பேன்னு பயந்தாவ. 'நான் சொன்னா கேக்கமாட்டான், சர்க்கார் சொன்னா வழியில்லாம அங்க கடையிலேயே கிடப்பான். எட்டு வாரம் உயிரோட இருக்கட்டும்'னாவ. அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். கீழ கைநாட்டு அப்பாவுக்குள்ளது. எட்டு வாரத்துக்குள்ள தாம்தான் போவோம்னு அவ்விய நினைக்கவே இல்ல.

— அப்பாவா?

— வா அண்ணே. முகத்தப் பாரு. பாத்துட்டு நீயே மூடு.