லோரன்ஸ் சேரோட டர்போ காரும் தொண்ணூத்திரெண்டு பெட்ரோலும்

சத்தியம் தம்பி, அத்தனையும் சத்தியம். இந்தா, கோயில் பக்கம் திரும்பி நின்னே சொல்றேன், இந்தச் செல்லசாமி வாயில ஒரு பொய் வந்தா நாளைக்கே நாக்கு இழுத்துக்கட்டும். ஹட்டன் ஸ்டேண்டுல ஹயர் காரு ஓட்டியே தல நரைச்சு ஓஞ்சவன் நானு. கொழும்புலருந்து கார் வாங்க வந்த மனுசன்கிட்ட வெளையாடுவேனா? லோரன்ஸ் சேர் வீட்டுக்கு வழி கேட்டீங்க, சொல்றேன். வழி எங்க ஓடிப் போகுது... ஆனா அந்தக் காரு ஏன் வெலைக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. பெட்ரோல் ஷெட்டுல நின்னு பேச வேண்டிய சங்கதிதான் அது.

சேர் பிரின்சிபலா இருந்து பென்ஷன் வாங்கினவரு. ஆயுசு முழுக்க புள்ளைங்களுக்கு அடக்கம் சொல்லிக் குடுத்த ஆளு, வேலைய விட்டதும் வாங்கினது என்னா? செவப்புல ரெண்டு கதவு வச்ச டர்போ காரு. குனிஞ்சு உள்ள போனா தவந்துதான் வெளிய வரணும். அவரு சம்சாரம் டோரீன் டீச்சர் சீலையோட அதுல ஏறுறத நீங்க பாக்கணும்... சரி, அது வேற கதை.

பெட்ரோல் அடிக்கிற மூடிக்குள்ள கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கு, ஒக்டேன் தொண்ணூத்தஞ்சுக்குக் கொறையாத பெட்ரோல்தான் அடிக்கணும்னு. டீச்சரோட தம்பி ஜூட்சன் ஹட்டன்ல கராஜ் வச்சிருக்கான், அவனும் தலையில அடிச்சுக்கிட்டான். மச்சினன் சொல்லி இவரு கேக்கிறதா? "மலையில காத்து லேசுடா ஜூட்சன். லேசான காத்துக்குத் தொண்ணூத்திரெண்டு போதும். பழைய ஹயர்காரங்கள கேட்டுப் பாரு"ன்னாராம்.

எங்க பழைய காருங்களுக்கு அது சரிதான் தம்பி. மேல ஏற ஏற எஞ்சினுக்குக் காத்துக் கொறையும், கொறஞ்ச பெட்ரோலும் சத்தமில்லாம எரியும். டர்போ அப்பிடியா? அது வெளிய இருக்கிற காத்த அமுக்கி அமுக்கி உள்ள தள்ளுற சாமான். அதுக்கு மலையும் ஒண்ணு, கொழும்பும் ஒண்ணு. தொண்ணூத்திரெண்ட அடிச்சா அமுக்கம் தாங்காம நேரத்துக்கு முந்தியே வெடிக்கும். டின்னுக்குள்ள மாபிள் குண்டப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். ஒடனே உள்ள இருக்கிற கம்ப்யூட்டரு, எஞ்சின் ஒடஞ்சிடக் கூடாதேன்னு பலத்தக் கொறச்சுப்புடும்.

போன ஈஸ்டர் அன்னைக்கு அதுதான் நடந்துச்சு. ஹட்டன் வேதக்கோயில் பூசையில டீச்சர் பைபிள் வாசகம் வாசிக்கணும். ரெண்டு பேரும் கெளம்பிட்டாங்க. வட்டவளைக்கு முந்தியே கட கடன்னு சத்தம். அப்பறம் காரு எறும்பாப் போச்சு. பின்னால வந்த தேயிலைக் கொழுந்து ட்ரெக்டரு முந்திக்கிட்டு... அதுல குந்தியிருந்த பொம்பளைங்க, "சேர், கயிறு இருந்தா வீசுங்க, இழுத்துக்கிட்டுப் போறோம்"னு ஒரே கேலி. ஒரு சொறி நாயி வேற காருக்கு முன்னுக்கு நடந்து, ஒவ்வொரு வளைவுலயும் குந்திக் காத்துக்கிட்டு இருந்துச்சு. சிரிக்காதீங்க தம்பி, வேணும்னா அந்த நாயக் காட்டுறேன்.

அடுத்த ஊரு ரொசல்ல வந்ததும் டீச்சர் கதவத் தொறந்தாங்க. காரு ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே எறங்கினாங்க. "நீங்க மெதுவா வாங்க, நான் முன்னுக்குப் போறேன்"னு சொல்லிட்டு நடந்தாங்க. சேர் போய்ச் சேர்றப்ப பூசை முடிஞ்சு, டீச்சர் வாசகமும் வாசிச்சு, ஜூட்சன் வீட்டுல கேக் தின்னுக்கிட்டு இருந்தாங்க. அவரப் பாத்து ஒரே பேச்சு: "காரா, நானா?"

அதான் விக்கிறாரு. அவ்வளவு அடி வாங்கின எஞ்சின் உள்ள எப்பிடிக் கெடக்கோ... நானா இருந்தா கிட்டக்கூடப் போக மாட்டேன்.

என்னா, திரும்பிப் போறீங்களா? நல்ல புத்தி. அவசரப்படாமப் போங்க, இறக்கம் வழுக்கும்.

என்னயும் ஏத்திக்கிட்டுப் போறீங்களா? வேணாம் தம்பி, கேட்டதே பெரிய மனசு. நான் பஸ்ஸுக்கு நிக்கல. ஞாயித்துக்கெழமன்னா பூசைக்குப் போறப்ப சேர்தான் என்னய ஏத்திக்கிட்டுப் போயி ஹட்டன்ல எம் மக வினோதா வீட்டு வாசல்லயே எறக்கி விடுவாரு. டீச்சர் பஸ்ஸுல போயிடுறாங்க, முன் சீட்டு எனக்குத்தான். பஸ்ஸுல போனா இடுப்பு ஒடஞ்சிடும். இதுல குந்தினா வட்டவளை எப்ப வந்துச்சு, ரொசல்ல எப்ப போச்சுன்னே தெரியாது, அப்பிடிப் பறக்கும்...

எறும்பு எப்பிடிப் பறக்குதா? அது வந்து... ஈஸ்டருக்கு அப்பறம் தொண்ணூத்தஞ்சுதான் அடிக்கிறாரு. எஞ்சினா? அதெல்லாம் ஜூட்சன் கழட்டிப் பாத்துட்டான், ஒரு கீறல் இல்லன்னு...

ஏன் தம்பி வண்டியத் திருப்புறீங்க? கொழும்பு அந்தப் பக்கம். இது சேர் வீட்டுக்குப் போற ரோடு... சரி, முடிவு பண்ணிட்டீங்க. போயி காரப் பாருங்க, ஓட்டியும் பாருங்க, எனக்கென்னா. ஆனா இத்தனையும் யாரு சொன்னதுன்னு சேர் கேட்டா, ஷெட்டுல ஒரு ஆளையும் காணலன்னு சொல்லிடுங்க தம்பி. எதுக்கும் அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு நான் பஸ் நேரம் விசாரிச்சு வச்சுக்கிறேன்.