படகுச் சாவி என் பையில்

மாண்புமிகு தலைவர் மிர்லான் அவர்களே, வெண்தொப்பி சூடி வீற்றிருக்கும் பெரியோர்களே, வெயிலையும் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே, படகு கயிறு கட்டி இழுக்க, பருவத்தின் முதல் பாராசூட்டில் பறக்கவிருக்கும் தலைநகரத்துச் சிறப்பு விருந்தினர் அவர்களே! ஏரிக்கரை ஊராம் சோல்பான்-அட்டாவின் படகோட்டி குபாத் வணங்குகிறேன்.

ஏரி என்று எழுதியிருக்கிறார்கள் ஏட்டில். கடல் என்றல்லவா அழைக்கிறோம் நம் வீட்டில்! மணல் நமது, மலை நமது, முன்னோர் மானையும் சிறுத்தையையும் செதுக்கிய கல்வெளி நமது! ஆனாலும் இன்று என் மனம் நிலைகொள்ளவில்லை. ஏன் அடிக்கடி மேற்கே பார்க்கிறேன் என்கிறீர்களா? சொல்கிறேன்.

அங்கே ஒருவர் "சுருக்கமா முடிங்கண்ணே, படகு காத்திருக்கு" என்கிறார். காத்திருக்கட்டும், தம்பி.

சென்ற கோடையில் அலிமா என்றோர் ஆசிரியை கணவருடன் வந்தார். கல்வெளி பார்த்தார், என் வீட்டில் ரொட்டி பிட்டார், புறப்படுமுன் பறக்க ஆசைப்பட்டார். மேற்குக் கணவாய் கறுத்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றாள் என் மனைவி.

"நம்ம ரொட்டியைத் தின்னவங்ககிட்ட இல்லைன்னு எப்படிடி சொல்றது? ஊரு மானம் போயிடாதா?" என்றேன் நான்.

மானம் பார்த்தேன், வானம் பார்த்தேனா? பாராசூட் மேலே போனது. உலான் என்று நாம் அஞ்சும் மேற்குச் சூறைக்காற்று கணவாயைவிட்டுப் பாய்ந்தது. படகு சுழன்றது. அந்தப் பெண்ணைத் தண்ணீர்மேல் தரதரவென்று இழுத்தது கயிறு. கரை சேர்த்தபோது உயிர் இருந்தது, தோள் முறிந்திருந்தது. என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாளைக்குப் பறந்திருப்பேனேண்ணே?"

தாய்மார்களே, அந்த ஒரு வார்த்தை நமக்கு ஏன் வாயில் வரவில்லை? விருந்தாளி கேட்டால் குதிரை தருகிறோம், கம்பளம் தருகிறோம், உயிரையும் தருகிறோம். அவர் உயிரைக் காக்க ஒரு மறுப்பைத் தரக் கூடாதா?

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார், நேரமாகிவிட்டதாம். ஆமாம் ஐயா, நேரமாகிவிட்டது. மேற்கே திரும்பிப் பாருங்கள். கணவாய் கறுக்கிறது.

சிறப்பு விருந்தினர் அவர்களே, படகுச் சாவி என் பையில் இருக்கிறது, அங்கேயே இருக்கும். இன்று படகு இல்லை. என் வாழ்நாளில் விருந்தாளிக்கு நான் சொல்லும் முதல் 'இல்லை' இதுதான். பொறுத்தருளுங்கள்.

தேநீர் உண்டு. போகச் சொல்லும் நிறைகிண்ணமாக அல்ல, இருக்கச் சொல்லும் அரைக்கிண்ணமாக, காற்று அடங்கும்வரை என் மனைவி ஊற்றிக்கொண்டே இருப்பாள். செவிகொடுத்த அனைவருக்கும் நன்றி. எழுந்து வாருங்கள், வணக்கம்.