கால்குலேட்டரில் வைத்த சந்தனம்

உங்களுக்குத் தமிழ் தெரியும் என்று நர்ஸ் சொன்னதும் நிம்மதியாக இருந்தது, டாக்டர். கல்கத்தாவுக்கு வந்து இருபது வருஷமாகியும் என் பெங்காலி காய்கறிக் கடையோடு சரி.

வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவர் ரயில்வேயில், மாதத்தில் இருபது நாள் வெளியூர். சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸில் நானும் என் மகள் சாதனாவும்தான். நான் கணக்கில் பி.எஸ்ஸி., கல்யாணத்துக்கு முன் திருநெல்வேலியில் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். அவளுக்குக் கணக்கு என்னிடமிருந்துதான் வந்தது.

தொண்ணூற்றாறில் அவள் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். புனேயில் வேலை கிடைத்தது. பாஸ் பண்ணினால் ஜூலையில் கிளம்பவேண்டும். பரீட்சைக்கு முன்பே பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது, மறைப்பானேன்.

பரீட்சையன்று காலையில் பேனா, ஹால் டிக்கெட், கால்குலேட்டர் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்து, சந்தனப் பொட்டிட்டு நான் எடுத்துக் கொடுப்பேன். வீட்டுக்குத் திரும்பி என் கையில் தரும்வரை அவள் அந்தப் பொட்டை அழிக்கமாட்டாள். சின்ன வயசுப் பழக்கம்.

அந்தக் கால்குலேட்டர் மாணவர்களுக்கென்றே வருவது. சைன், காஸ் எல்லாம் போடும். கோணத்தை எந்த அளவில் எடுப்பது என்று நாம்தான் அதற்குச் சொல்லவேண்டும். வழக்கமாக டிகிரி. ரேடியனுக்கு மாற்றினால் விடை கன்னாபின்னாவென்று வரும், உடனே தெரிந்துபோகும். மோடை அழுத்தி ஆறைத் தட்டினால் கிரேடு, செங்கோணத்தைத் தொண்ணூறுக்குப் பதில் நூறாகப் பிரிக்கும் அளவு. அதை நம்மூரில் யாரும் சீண்டுவதில்லை. முப்பதுக்கு சைன் அரை வரவேண்டிய இடத்தில் 0.45 வரும். பார்க்க லட்சணமான தப்பு. எந்த அளவு என்று திரையின் மேல் ஓரத்தில் கடுகளவு எழுத்து காட்டும். சர்வே பரீட்சையன்று ஆறைத் தட்டிவிட்டு, பொட்டை அந்த எழுத்தின்மேல் வைத்தேன்.

அந்தப் பேப்பரில், நிலத்தைச் சுற்றி வந்தால் கணக்கு பூஜ்யத்தில் முடியவேண்டும். முடியவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டதாம். சாயங்காலம் நான் சந்தனத்தைத் துடைத்து, பழையபடி டிகிரிக்கு மாற்றி வைத்தேன். மறுநாள் அதே கணக்கை வீட்டில் போட்டாள்.

"அம்மா, இங்க சரியா வருதும்மா. ஹால்ல எனக்கு மூளையே கழண்டு போயிடுது."

"ஆனைக்கும் அடி சறுக்கும்டி. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன். அவளுக்குப் பிடித்த வெந்தயக் குழம்பு வைத்தேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதினாள். அதற்கப்புறம் இன்னொரு முறை. இரண்டு தடவையும் பொட்டை அதே இடத்தில்தான் வைத்தேன். புனேக்காரர்கள் ஒரு தடவை பொறுத்தார்கள், பிறகு கடிதம் போடவில்லை. பால் பாக்கெட் இரண்டா மூன்றா என்பதைக்கூட அவள் என்னைக் கேட்டுத்தான் வாங்கினாள். எனக்கு அது பிடித்திருந்தது.

நேற்று மூன்றாவது ரிசல்ட் வந்தது. அதன்பின் அவள் செய்துகொண்டதை நீங்களே கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறீர்கள்.

போலீஸிடம் சொல்வதானால் சொல்லுங்கள். அவளிடம் மட்டும் வேண்டாம், தாங்கமாட்டாள். பிழைத்துவிடுவாள் என்கிறீர்கள், சந்தோஷம். இனிமேல் அவளைத் தனியாக எங்கேயும் அனுப்பக்கூடாது அல்லவா? அதை டிஸ்சார்ஜ் சீட்டில் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், டாக்டர்.