மூன்று நேர்காணலும் ஒரு நாரைக் கூடும்

அண்ணா, எங்கள் வீட்டு இன்டர்நெட் லைனில் ஒரு கோளாறும் இல்லை. மூன்று தடவை ஏணி வைத்து ஏறி இறங்கிவிட்டீர்கள். ஆள் எதிரில் நின்றால் எனக்குப் பேச்சு வராது என்பதால் எழுதித் தருகிறேன்.

எனக்கு நாரை பிடிக்கும். எங்கோ ஒரு புகைபோக்கி உச்சியில் கூடு, அதற்கு ஒரு கேமரா, நாள் முழுக்க நேரலை. பள்ளிக்கூடம் நின்றபிறகு நான் தவறாமல் போய்வரும் ஒரே இடம் அது.

அக்காவின் முதல் நேர்காணல் அன்று முட்டையில் விரிசல் விட்டது. மேலே இஸ்திரிச் சட்டை, கீழே பழைய பைஜாமா என்று அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கள் லைன் ஒரு நேரத்தில் ஒரு படத்தைத்தான் தாங்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் நாரை தேதி குறித்தா பொரிக்கும்? அங்கே கம்பெனிக்காரர்கள் திரையில் அக்கா வாய் திறந்தபடி உறைந்துபோனாள். இங்கே ஓர் அலகு வெளியே வந்தது.

அடுத்த கம்பெனி பேசியபோது கடைசிக் குஞ்சுக்கு இரை கிடைக்கவில்லை. மூத்தவை மிதித்துத் தள்ளின. எழுந்துபோக மனசு வரவில்லை. அக்கா பேசிச் சமாளிப்பாள், குஞ்சுக்கு யார் இருக்கிறார்கள்?

அக்கா நன்றாகப் பேசுவாள். எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். கடையில் சோப்பு கேட்பது, பல் டாக்டரிடம் எந்தப் பல் என்று சொல்வது, எல்லாம். ஒருமுறை தப்பான பல்லைக் காட்டிவிட்டாள். பிடுங்கி முடிக்கும்வரை நானும் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை கிடைத்தால் அக்கா வேறு ஊருக்குப் போவாள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவதற்கு முந்தின நாள் அக்கா கேட்டாள். "ஏய் ஊமைக்கோட்டான், நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் அந்த நாரையப் பாக்காம இருடி."

"சரிக்கா."

வாக்கை மீறவில்லை. அப்பாவின் பழைய போனிலும் என் போனிலும் நேரலையைப் போட்டு, போர்வை அலமாரிக்குள் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன். ஒரு நொடிகூடப் பார்க்கவில்லை. பார்க்கவும் ஒன்றுமில்லை. குஞ்சுகள் பறந்துபோய் ஒன்பது நாளாகியிருந்தது.

அன்றைக்கு அக்கா உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டு அரைமணி நேரம் கிழித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏன்டி அழற? வேலை எனக்குத்தான போச்சு" என்றாள்.

முழுசாகப் போகவில்லை. அந்தக் கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். லைனில்தான் கோளாறு என்று உங்கள் ஆபீஸ் எழுதிக் கொடுத்தால் இன்னொரு தடவை பேசுகிறோம் என்றார்களாம். அந்தக் கடிதத்துக்காகத்தான் இன்று உங்களை வரவழைத்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் அப்படி எழுதிக் கொடுக்க முடியாது. காரணத்தை அக்காவிடம் சொல்லவேண்டாம், தாங்கமாட்டாள். பொய்க் கடிதத்தை வைத்து அவள் வேலைக்குப் போவதை என் மனசாட்சி ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.