ஊதாத் துணிக்கு அடியில் லூர்துமேரி

கடைசியா லூர்துமேரிய உசுரோட பாத்தது இன்னிக்குக் காலைலதாங்க. இல்லங்க தம்பி, எனக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எம் பொண்டாட்டி செத்து இது ரெண்டாவது தவக்காலம், அது எனக்குத் தெரியாதா. நான் சொல்றது இந்தப் பொட்டிக்குள்ள. நீங்கதான வந்து மாட்டுனீங்க, டி.வி.ல வர்றத ரெக்கார்டு பண்ணி வெக்கற பொட்டின்னு. அதுல கொஞ்ச நேரம் பேசுவா. பாத்துட்டு, துணியப் போட்டு மூடிட்டு, ஒடனே உங்களுக்குப் போன் அடிச்சேன். பொட்டி கெட்டுப் போச்சு, வேற மாத்திக் குடுங்கன்னு.

ஆமா, பச்ச லைட்டு எரியுது. எனக்கும் கண்ணு தெரியுதுங்க. லைட்டு எரிஞ்சா நல்லா இருக்குதுன்னு அர்த்தமா? உக்காருங்க ரஞ்சித்து. அந்தச் சேரு வேணாம், காலு ஆடும். டீ போடறேன். சக்கர போடலாமில்ல? கேட்டுட்டுத்தான் போடறது எங்க வூட்ல, பழகிப் போச்சு.

செசிலி பதினோரு மணி வண்டிக்கு வர்றா. எம் பொண்ணு, ஓசூர்ல குடுத்திருக்கறது. நீங்க பாத்திருப்பீங்க, அவ கல்யாணத்துக்குத்தான இந்த டி.வி.யே வாங்குனோம். அவ கடத்தூர்ல பஸ் மாறி இங்க வந்து எறங்கறதுக்குள்ள இந்தப் பொட்டி வூட்ட வுட்டுப் போயிடணும். அது ஒண்ணு மட்டும் பண்ணிக் குடுங்க.

சொல்றேன், சொல்றேன். டீ கொதிக்கட்டும்.

துணியா? அது தவக்காலத்துக்குங்க. ஈஸ்டருக்கு முந்தி எங்க கோயில்ல சுரூபத்த எல்லாம் ஊதாத் துணி போட்டு மூடுவாங்க. மாதா, சூசையப்பரு, யாரு மூஞ்சியும் தெரியாது. அதப் பாத்துட்டு வந்து லூர்துமேரி டி.வி.யவும் மூடிட்டா. அவ பழைய சேல, ஊதாக் கலரு, பாதியாக் கிழிச்சு ஓரம் தெச்சு வெச்சிருந்தா. சாம்பப் புதன் அன்னிக்கு நெத்தியில சாம்பலப் பூசிக்கிட்டு நேரா வந்து டி.வி.க்குப் போர்த்துவா. நான் சிரிப்பேன். ஏம்மா, இதென்ன புனித சாம்சங்கா, இதுக்கும் துணி போடறியேன்னு. அவ சொல்லுவா, நீ தெனம் எது முன்னால ரொம்ப நேரம் முட்டி மடக்கி உக்காந்திருக்கியோ அதத்தான் மொதல்ல மூடணும்னு. வாய் பேசுவா தம்பி அவ. ஊர்ல எவனும் அவ கிட்ட வாயக் குடுக்க மாட்டான்.

ஆனா துணிக்கு வெளிய இருக்கற நாள்ல அவள மாதிரி டி.வி. பாக்கற ஆளு கெடையாது. நானும் பாப்பேன், பாத்துட்டு திட்டுவேன். சினிமாவுல எங்காளுங்களக் காட்டறான் பாருங்க, அதுல எனக்கு ரொம்ப நாளாக் கோவம். கிறிஸ்டியன்னா அவன் கையில கிளாஸு இருக்கும். தலையில தொப்பி. பேரு பீட்டரு, இல்லன்னா மைக்கேலு. வூட்ல பியானோ. இங்க வாங்க, இந்தத் தெருவுல யாரு வூட்ல பியானோ இருக்குது? எம் பேரு சின்னப்பன். எங்கப்பன் பேரு ராயப்பன். நாங்க தக்காளி போட்டு பாலக்கோட்டு மண்டிக்கு ஓட்டறவங்க. களி கிண்டித் திங்கறவங்க. சாமியாரக் காட்டுனா, என் மகனேன்னு இழுத்து இழுத்து வெள்ளக்காரனாட்டம் பேசறாரு. எங்க ஃபாதரு பேசிக் கேட்டிருக்கீங்களா? மைக்கப் புடிச்சாருன்னா தொப்பூர் மேட்டுல பிரேக்கு போன லாரிக்கு வழி வுடச் சொல்ற மாதிரி இருக்கும். அப்புறம், யாராச்சும் சாவக் கெடந்தா ஒடனே கோயில் மணி தானா அடிக்கும், காத்துல மெழுகுத்திரி அணையும், ஆளு பொழச்சுக்குவான். எங்க கோயில் மணி, கயித்த இழுத்தா அடிக்கும். இழுக்கலன்னா அடிக்காது.

லூர்துமேரி அப்படி இல்ல. அதுல வர்றது எல்லாமே அவளுக்கு நெசம். ராத்திரி செபமால சொல்றப்ப நடுவுல கருத்து சொல்லுவோம், இன்னாருக்கு சொகம் கெடைக்கணும், இன்னாருக்கு மழ வேணும்னு. ஒரு நாளு சொல்றா, கவிதாவுக்கு நல்லபடியா கொழந்த பொறக்கணும்னு. எந்தக் கவிதா, நம்ம கம்பைநல்லூரு கவிதாவான்னு கேட்டேன். இல்லியாம். சீரியல்ல வர்ற கவிதாவாம். மாமியாக்காரி பாலுல என்னமோ கலந்துட்டாளாம், அது ஏறாம இருக்கணுமாம். சிரிங்க, சிரிங்க. நானும் செபமாலயக் கீழ வெச்சுட்டு சிரிச்சேன். அவ சிரிக்கல. கஸ்டம்னு ஒருத்தி அழுவறா, அவளுக்காக வேண்டுனா உனக்கு என்ன கொறைஞ்சு போச்சுன்னு கேட்டா. மறுபடி செபமாலயக் கையில எடுத்துக்கிட்டேன்.

இந்தாங்க, டீ. ஊதிக் குடிங்க.

அழிச்சுடலாமா? ரிமோட்டுல அழிக்கலாம், எனக்கும் தெரியும். பொட்டிய மாத்தாம அத மட்டும் அழிக்கலாம். போயிப் பாத்தேன் தம்பி. அந்த எடத்துக்குப் போனா அவ மூஞ்சியச் சின்னதாக் காட்டி, அழிக்கவான்னு கேக்குது. ஆமா, இல்லன்னு ரெண்டு கட்டம். என் வெரலு ஆமாவுக்குப் போவல. நாலஞ்சு தடவ பாத்துட்டேன். அவ மூஞ்சியக் காட்டாமக் கேட்டிருந்தா அமுக்கியிருப்பனோ என்னமோ. அதான் பொட்டியோட போயிடட்டும்னு பொய்யா கம்ப்ளெயிண்டு குடுத்தேன். நீங்கதான அன்னிக்குச் சொன்னீங்க, இந்தப் பொட்டில ரெக்கார்டு பண்ணது இந்தப் பொட்டிலதான் ஓடும், வேறெதுலயும் ஓடாதுன்னு. அந்த சேனலும் இப்ப வர்றதில்ல. செல்லுல தேடிப் பாத்தாச்சு, அதுலயும் இல்ல. இது போனா போனதுதான். நல்லாத் தெரிஞ்சுதான் கேக்கறேன்.

போட்டோ இருக்குதுங்க. செவுத்துல மாட்டியிருக்கறது பாருங்க, ஆதார் கார்டுல இருந்து பெருசு பண்ணது, போலீசு புடிச்ச மாதிரி நிப்பா. அதுல வாய் அசையாதே.

அவ எப்படி டி.வி.ல வந்தான்னு கேளுங்க. அவளுக்கு சுகர். காலைல ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி. நாந்தான் போட்டு வுடுவேன், அவளுக்கு ஊசியக் கண்டா கண்ண மூடிக்குவா. அவ செத்த வருசம் தர்மபுரில ஒரு செபக் கூட்டம் போட்டாங்க. எங்க சபையில்ல, வேற ஆளுங்க. டி.வி.ல தெனம் காலைல வருவாங்க, இவ தெனம் பாப்பா. நேர்ல பாக்கணும்னா, கூட்டிக்கிட்டுப் போனேன். மைதானம் பூரா சனம். கேமரா ஒண்ணு கெரேன்ல தொங்கி தலைக்கு மேல வந்து வந்து போவுது. சொகமானவங்க மேடைக்கு வாங்கன்னு கூப்புட்டாங்க. பக்கத்துல திரும்பிப் பாக்கறேன், ஆளக் காணம். மேடைல நிக்கறா.

அவங்களக் கெட்டவங்கன்னு நான் சொல்ல வரல. ஒரு பொண்ணு வந்து இவ மூஞ்சிக்கு பவுடரு ஒத்தி வுட்டுச்சு, முந்தானய சரி பண்ணி வுட்டுச்சு. இந்த வயசுல எவன் எம் பொண்டாட்டிக்குப் பவுடரு போட்டு வுட்டான்? வெளக்கு வெளிச்சத்துல கல்யாணப் பொண்ணாட்டம் நின்னா. மைக்கக் குடுத்தாங்க. சொல்லிட்டா. எனக்கு சுகர் இருந்துச்சு, டி.வி. முன்னால கை வெச்சு செபம் பண்ணேன், ஏசப்பா தொட்டாரு, இப்ப நான் ஊசியே போடறதில்லன்னு. சனம் எல்லாம் கையத் தட்டுச்சு.

அன்னிக்குக் காலைல ஊசி போட்டு வுட்டவன் நாந்தாங்க. இந்தா, இந்த எடத்துல உக்கார வெச்சு.

ஏன் சொன்னான்னா, எனக்கு என்ன தோணுதுன்னா, எடம் அப்படி. அந்த மைக்க வாங்கிட்டு, எனக்குக் கொஞ்சம் பரவால்லங்க, ராத்திரில காலு எரியறது கொறைஞ்சிருக்குதுன்னு சொல்ல முடியுமா? டி.வி.ல யாராச்சும் அப்படிப் பேசிக் கேட்டிருக்கீங்களா? அங்க வந்து நின்னவங்க எல்லாம் பேசற மாதிரி இவளும் பேசிட்டா. சொல்லி முடிச்சதும் முந்தானயால வாயோரத்தத் தொடச்சா பாருங்க. வூட்ல பாலப் பொங்க வுட்டுட்டு, பூன தட்டி வுட்ருச்சுன்னு சொல்லுவாளே, அப்பத் தொடைக்கற தொடைப்பு. பாக்கற யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

வூட்டுக்கு வந்தா, ராத்திரி ஊசி எடுத்தேன். வேணாங்கறா. ஏம்மான்னா, டி.வி.ல சொல்லிட்டேன்ல, ஊசி போடறதில்லன்னு, இப்பப் போட்டா நான் சொன்னது பொய்யாயிடுமேங்கறா. பத்துக் கட்டளைல பொய்ச் சாட்சி சொல்லாதன்னு இருக்குது தம்பி. சின்ன வயசுலயே மனப்பாடம் பண்ண வெச்சது. ஊசிய நிறுத்திட்டா சொன்னது நெசமாயிடும். போட்டுக்கிட்டா பொய். அப்படிக் கணக்குப் போட்டுட்டா. டி.வி.ல வந்தது நெசமா இருக்கோணும், அவ்வளவுதான் அவளுக்கு.

ஃபாதரு கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவரு கத்துனாரு. அடியே, சொன்னது தப்புன்னு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுப் போயி ஊசியப் போடுடின்னாரு. உங்க கிட்ட சொன்னா நீங்க மன்னிப்பீங்க சாமி, டி.வி. பாத்த அத்தன சனத்துக்கு யாரு போயி சொல்றதுன்னு கேட்டா. நான் கெஞ்சினேன். தூங்கறப்ப போட்டுடலாம்னு கூடப் போனேன். முழிச்சுக்குவா, கையப் புடிச்சுக்குவா. கால்ல புண்ணு வந்துச்சு. பெரியாஸ்பத்திரில சேத்தப்ப பேச்சில்ல.

அடக்கம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல அதத் திரும்பப் போட்டாங்க டி.வி.ல. சிரிச்சுக்கிட்டு நிக்கறா, ஊசியே போடறதில்லங்கறா. அடியில ஒரு நம்பரு ஓடும், அதுக்கு அடிச்சேன். அம்மா, அந்த ஊதா... இல்ல, அந்தப் பச்ச சேல கட்டுன பொம்பள எறந்துட்டாம்மா, இனிமே போடாதீங்கன்னு சொல்லலாம்னு. எடுத்த பொண்ணு, செப விண்ணப்பம் சொல்லுங்கப்பான்னுச்சு. எம் பொண்டாட்டி எறந்துட்டான்னேன். கண்ண மூடிக்குங்கப்பான்னுச்சு. மூடிக்கிட்டேன். நல்லா செபம் பண்ணுச்சு, பாவம், அழுதுடுச்சு கூட. ஆமென்னு சொல்லி வெச்சுடுச்சு. சொல்ல வந்தத சொல்லவே இல்ல. அடுத்த வாரம் மறுபடி போட்டாங்க. அப்பத்தான் ரெக்கார்டு அமுக்குனேன். ஏன்னு கேக்காதீங்க. வாய் அசையுதுல்ல.

நான் பாக்கறப்ப சத்தத்தக் கொறச்சுடுவேன். சத்தமில்லாமப் பாத்தா, தக்காளிக்காரன் கிட்ட வெல பேசற மாதிரி இருக்கும்.

ஆமா, மணி ஆவுது. வந்துட்டேன்.

செசிலி இத்தன நாளா அதப் பாக்கவே மாட்டா. போட்டா வெளிய போயிடுவா, அழுவா. இப்ப அவளே கேக்கறா. அப்பா, அம்மா மேடைல சொன்ன சாட்சி உங்கிட்ட இருக்குதில்ல, நான் புது செல்லு வாங்கியிருக்கேன், வந்து டி.வி. முன்னால வெச்சுப் புடிச்சுக்கறேன், எங்க செபக் குழுவுல இருக்கற அக்காங்களுக்கெல்லாம் அனுப்பணும்னு. அதுல எத்தன பேருக்கு சுகரோ. நான் சொல்லிட்டேன் தம்பி அவ கிட்ட. அன்னிக்குக் காலைல ஊசி போட்டதே நாந்தாண்டின்னு. அவ சொல்றா, அம்மா விசுவாசத்த நீ எப்பவும் கேலிதான பண்ணுவ, செத்தும் வுட மாட்டியாங்கறா. சீரியல் கவிதாவுக்கு சிரிச்சது, புனித சாம்சங்குன்னு சொன்னது, எல்லாத்தையும் சேத்து வெச்சிருந்திருக்கா. நான் சொன்னா கேலி. டி.வி.ல சொன்னா நெசம். அம்மாவுக்குப் பொறந்தவதான.

உங்க கிட்ட நான் வேறெதுவும் கேக்கல. டீய அப்புறம் குடிங்க. ஒயரு எல்லாம் பின்னால இருக்குது, துணிய எடுக்காம கைய மட்டும் வுட்டுக் கழட்டிடுங்க. புதுசு நாளைக்கு மாட்டலாம், மாட்டாமலும் இருக்கலாம். போற வழில அவளப் பாத்தீங்கன்னா பொட்டி எரிஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் பொய் சொல்றதுக்குக் கஸ்டமா இருந்தா பேசாமப் போயிடுங்க, நான் சொல்லிக்கறேன்.

இதுவும் போயிட்டா எனக்கு என்ன இருக்குதுங்கறீங்களா? இல்ல, சும்மாதான் கேட்டீங்க, தெரியுது.

அந்தத் துணி இருக்குது. அப்புறம் அந்த ஃப்ரிட்ஜு கதவத் தொறங்களேன், மேல் தட்டுல. இன்சுலின் பாட்டலு. லூர்துமேரிது இல்லங்க, அவளுதெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டாச்சு. இது செசிலிது, அவளுக்கும் சுகர். போன மாசம் வந்தப்ப, இனிமே எனக்கு வேணாம்பான்னு வெச்சுட்டுப் போனா. சீலு கூட ஒடைக்கல.