மதம் என்ற கட்டம்

— கையெழுத்தெல்லாம் போட மாட்டேன். முதல்ல அந்தப் பேனாவை மூடு, ஆல்வின்.

— மேட்டர் சிம்பிள் டீச்சர். ரெண்டே வரி. ‘2001 சென்சஸில் கடப்பாக்கம் காலனியைக் கணக்கெடுத்தது பிரபாவதி ஆகிய நான். அங்கே ஞானதாஸ், செல்லம்மா வீட்டில் எழுதிய விவரம் வெளியே போனதற்கு நானே பொறுப்பு.’ அவ்ளோதான்.

— அவ்வளவுதானா? என்னைத் தூக்குல போட ரெண்டு வரி போதும்னு நினைச்சிட்டியா?

— கோச்சிக்காதீங்க. டெல்லியில புள்ளிவிவரச் சட்டம்னு ஒண்ணு வருது. கேட்டத சொல்லலன்னா அபராதம், சொன்னா ரகசியமா வெச்சிப்போம்னு எழுதிகிறாங்க. வியாழக்கிழம பார்லிமென்ட்ல விவாதம். எங்க எம்.பி. எழுந்து, ‘இதுக்கு முன்னாடி சென்சஸ்ல சொன்னத ரகசியமா வெச்சீங்களா?’ன்னு கேக்கப் போறாரு. அவரு ஆபீசுல பெட்டிஷன் எழுதறவன் நான். உதாரணம் ஒண்ணு எடுத்துனு வாடான்னாரு. எங்க வூட்ட வுட்டா வேற உதாரணம் ஏது?

— அதுக்கு என் கழுத்துதான் கிடைச்சுதா? சரி, உங்கம்மா ஏன் வாசல்லயே நிக்கிறாங்க? உள்ள வாங்க செல்லம்மா. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க.

— பரவால்ல டீச்சரம்மா. இங்கியே நின்னுக்கிறேன். பஸ்ல குந்திகினு வந்ததே காலு மரத்துப்போச்சி.

— ரெண்டு பஸ்ஸு மாறி இந்தத் திருவிடந்தைக்கு இட்டுனு வந்தேன் டீச்சர். வரவே மாட்டேன்னு ஒரே அடம். உங்க மூஞ்சப் பாத்து ஒரு வார்த்த கேக்கட்டும்னுதான் வுடல.

— கேக்கட்டுமே. என்ன கேக்கணும் செல்லம்மா?

— ஒண்ணும் இல்லம்மா.

— இன்னாம்மா ஒண்ணும் இல்ல? ஏழு வருஷமா வூட்ல இன்னா பேசிகினு கீறோம்? நானே சொல்றேன் டீச்சர். அந்த பிப்ரவரில நீங்க வந்தப்ப அம்மா மட்டும்தான் இருந்திச்சி. மதம் இன்னான்னு கேட்டீங்க. கிறிஸ்தவங்கன்னு சொல்லிச்சி. அஞ்சே மாசம்! எங்கக்கா ஜெபாவுக்கு விசாரணை லெட்டர் வருது. சர்டிபிகேட்ல இந்து ஆதிதிராவிடர்னு கீது, நீங்க கிறிஸ்தவங்களாமே, எஸ்.சி. கோட்டா எப்படின்னு. சென்ட்ரல் கவர்மென்ட் வேல டீச்சர், போச்சி. இப்ப படூர்ல ஒரு ஹாஸ்டல்ல காய் அரிஞ்சிகினு கீது. ஜாதியும் மாறல, குந்தியிருக்கிற தெருவும் மாறல. சாமி கும்பிடற எடம் மாறினா மட்டும் கோட்டா இல்லியாம்.

— அது அநியாயம்தான். ஜெபாவை நினைச்சா எனக்கும் மனசு ஆறல. ஆனா நான் யார்கிட்டயும் வாய் திறக்கல.

— அப்ப காத்தா போயி சொல்லிச்சி? உங்க வூட்டுக்காரரு ராமானுஜம் சாரு அப்ப தாலுக்கா ஆபீசுலதான இருந்தாரு?

— இந்தா பாரு, செத்துப்போன மனுஷனை இதுல இழுக்காதே. பாரத்தைக் கையில குடுக்கும்போதே எங்களுக்குச் சொல்லித்தான் அனுப்பினாங்க. ஒரு வீட்ல சொன்னதை வெளிய சொன்னா தண்டனை. கோர்ட்டுலகூட அந்தத் தாளைச் சாட்சியா வைக்க முடியாது. அவர் ஒருநாள் சாப்பிடும்போது, காலனி எப்படி இருக்குன்னு சும்மா கேட்டார். குழம்பை ஊத்திட்டு எழுந்து போயிட்டேன்.

— நல்லாத்தான் கீது கத. சரி, வெளிய சொல்லல. மதம்ன்ற கட்டத்துல இன்னா எழுதினீங்க? அதயாவது சொல்லுங்க.

— சொல்ல முடியாது.

— பாத்தியாம்மா! பாத்தியா! மடியில கனம் இல்லாத மனுஷி சொல்லியிருக்காதா?

— சொன்னா சட்டத்தை மீறினவ ஆவேன். சொல்லலைன்னா காட்டிக்கொடுத்தவன்னு நீ டெல்லிக்கு எழுதி அனுப்புவே. அது புரியாமலா உக்காந்திருக்கேன்? முப்பத்திரண்டு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவ நான். மீன் வாங்கப் போனா உங்க ஆளுங்க கூடையை மூடிக்கிட்டாங்க. என்கிட்ட படிச்ச பிள்ளைங்களே எதிர்ல வந்தா தெருவை மாத்திப் போச்சுங்க. அந்த ஊர்ல இருக்க முடியாமத்தானே வீட்டை வித்துட்டு இங்க வந்தேன்? எனக்கு வலிக்கலைன்னு நினைச்சியா? வலிச்சுது. இப்பவும் வலிக்குது. ஆனாலும் சொல்ல மாட்டேன்.

— சொல்லவும் வாணாம், கையெழுத்தும் வாணாம். இன்னிக்கி சாயங்காலத்துக்குள்ள ஃபேக்ஸ் போவணும். உங்க பேர எழுதித்தான் அனுப்பப் போறேன். பேப்பர்ல வந்தா பென்ஷன் ஆபீசு உங்களக் கேட்டுக்கும்.

— மிரட்டறியா?

— டேய், போதும்டா.

— நீ சும்மா கெட.

— போதும்ன்றன்ல! அந்தத் தாள உள்ள வை. நா அன்னிக்கி கிறிஸ்தவங்கன்னு சொல்லல.

— இன்னாது?

— இந்துன்னு சொன்னேன். அடுப்புல சோறு பொங்கிகினு கீது. இந்தம்மா அட்டைய மடியில வெச்சிகினு மதம் இன்னான்னு கேக்குது. ஜெபா வேல நெனப்பு வந்துச்சி. வாயில இந்துன்னு வந்துடுச்சி. செவுத்துல ஏசு படம் தொங்குது, அதுக்குக் கீழ குந்திகினு சொன்னேன்டா. இந்தம்மா படத்தயும் பாத்திச்சி, என்னியும் பாத்திச்சி. ஒரு வார்த்த பேசாம எழுதிகினு போயிடிச்சி.

— அப்ப சர்ச்சுல சாட்சி சொன்னியே! ‘கவர்மென்ட் தாள்லயே கிறிஸ்தவங்கன்னு எழுத வெச்சேன்’னு! சபையே அல்லேலூயான்னிச்சே!

— ஆண்டவர மறுதலிச்சிட்டமேன்னு மனசு அறுத்துச்சி. அத்த மூடறதுக்கு அப்டி சொன்னேன். சபையில கேட்டவங்க யாரோ போயி போட்டுக்குடுத்துட்டாங்கன்னுதான் இத்தினி வருஷமும் நெனச்சிகினு கீறேன். என் பொய்யே என் பொண்ணு வேலயத் தின்னுடுச்சி. டீச்சரம்மா, ஊரே உங்கள ஏசும்போது வாய மூடிகினு இருந்த பாவி நான். உங்க கால்ல வுழறேன்.

— ஐயோ, எழுந்திருங்க. நீங்க சொன்னதை நீங்க சொல்லலாம், அதைச் சட்டம் தடுக்கல. நான் இப்பவும் ஆமான்னு சொல்லல, இல்லைன்னும் சொல்லல. ஆல்வின், உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். விசாரணைல சென்சஸ் தாளைக் காட்டினாங்களா?

— இல்ல.

— உங்கம்மா சபையில சாட்சி சொன்னதைப் பத்திக் கேட்டாங்களா?

— அதுவும் இல்ல.

— அப்ப எதை வெச்சுக் கேட்டாங்க?

— ...கல்யாணத்தப் பத்தி.

— யார் கல்யாணம்?

— எங்க ஜெபாவுதுதாம்மா. அந்த மே மாசம் கட்டிக்குடுத்தோம். எங்க வூட்டுங்கள்ல ரெண்டு தினுசா பத்திரிக அடிப்போம். ஆபீசு ஆளுங்களுக்கு புள்ளையார் படம் போட்டு, சர்டிபிகேட்ல கீற ஜெயலட்சுமின்ற பேரு, மண்டபத்துல விருந்துன்னு மட்டும். சபை ஆளுங்களுக்கு சிலுவ போட்டு, ஜெபான்னு, சர்ச்சுல கல்யாணம்னு. அவ லீவுல இருந்தா, ஆபீசு கட்ட இவன்தான் எடுத்துகினு போயி குடுத்தான். ஏன்டா, இன்னா அப்டி வேர்க்குது உனக்கு?

— ஆல்வின், உங்கம்மா கேக்கறாங்க. பதில் சொல்லு.

— ஆபீசுல எல்லார் மேசையிலயும் வெச்சிட்டு பஸ் ஏறினப்புறம் பைய தொறந்தேன், புள்ளையாரு கட்டு பிரிக்காம அப்படியே கீது. அன்னிக்கே தெரியும்மா எனக்கு. அக்கா லெட்டர எடுத்துகினு அழுதுகினு வந்து யார்ரா சொல்லியிருப்பாங்கன்னு கேட்டப்ப, டீச்சர் பேர மொதல்ல சொன்னதே நான்தான்.