குறுக்கே நட்ட வயல்

"நெடுக நட வேண்டிய வயலைக் குறுக்க நட்டு வச்சிருக்கீங்களே ஏளா, இந்தத் தைரியத்தை எவ குடுத்தா?"

இப்படிக் கத்தினவர் ஒரு பண்ணையார். ஆற்றங்கரையில் ஒரு ஊர். எந்த வருஷம் என்று கேட்கக் கூடாது, அந்தக் காலம். கத்தல் முழுக்கச் சிவனணைஞ்சாளுக்குத்தான். நடவில் முதல் நாற்றை ஊன்றுகிறவள் அவள். அவள் எந்தப் போக்கில் ஊன்றுகிறாளோ, அந்தப் போக்கில்தான் மற்ற பத்துப் பேரும் பின்னால் நகர்ந்துகொண்டே நட வேண்டும்.

அந்தப் பண்ணையில் ஒரு சட்டம் இருந்ததாம். எடுத்த வரிசை முடியாமல் ஒருத்தியும் வரப்பேறக் கூடாது. ஏறினால் மறுநாள் வேலை கிடையாது. வயலோ நீளமென்றால் நீளம், அப்படியொரு நீளம். ஒரு வரிசை முடிய உச்சிவெயில் வந்துவிடும். வரப்போர மருதமரத்தில் தொட்டில் கட்டிப் போட்ட கைக்குழந்தைகள் கத்திக் கத்தித் தொண்டை வற்றிக் கிடக்கும். முந்தின நாள் சிவனணைஞ்சாளின் மூன்று மாதப் பிள்ளை அழுது அழுது மயங்கியே போனது. தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். இன்னொரு நாள் இப்படிப் போனால் பிள்ளை மிஞ்சாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அழுதாளா? காலில் விழுந்தாளா? அதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. மறுநாள் மரத்துக்கு எதிர்வரப்பில் போய் நின்று, முதல் நாற்றைக் குறுக்கே ஊன்றினாளாம். அவ்வளவுதான். வரிசை முப்பதே அடி. முடிகிற இடம் மரம் நிற்கிற வரப்பு. ஏறினார்கள், பால் கொடுத்தார்கள், இறங்கினார்கள். பண்ணையார் வந்து பார்த்தபோது முக்கால் வயல் பச்சை.

"வரிசை முடிஞ்சுதான் ஏறினோம், ஐயா. முடியாம ஏறினவ யாருன்னு கை காட்டுங்க" என்றாளாம்.

எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார் அவர்.

"பிடுங்கிருவோம். பொழுது சாய மடையை அடைச்சிருவாங்க, நம்ம முறைத் தண்ணி அதோட சரி. அதுக்குள்ள மறுபடி நட்டு முடியுமான்னு நீங்களே பாத்துக்கிடுங்க."

அவர் சூரியனைப் பார்த்தாராம், மடையைப் பார்த்தாராம், வந்த வழியே திரும்பினாராம்.

பிள்ளை பிழைத்தது. பிழைத்து, வளர்ந்து, பேரன் பேத்தியும் எடுத்தது. அந்த வயலுக்கு இன்றைக்கும் பிள்ளையமர்த்தி என்றுதான் பேர். அங்கே குறுக்கேதான் நடுவார்கள். யோசனை சொல்ல வருகிறவர்களை யாரும் சட்டை செய்வதில்லை.

அன்றைக்குப் போகிற போக்கில், மடியில் பிள்ளையோடு இருந்த பெண்களைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துப் பண்ணையார் ஒன்று கேட்டாராம். குரலை இறக்கிக் கேட்டாராம்:

"பக்கத்து ஊர்ப் பண்ணைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். யாரும் போய்ச் சொல்லிராதீங்க, என்னம்மா?"